எழுதாத வரி எப்படி உள்ளே வந்தது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ராகம்: "நாங்கள் எதையும் தொடவில்லை, ஆனால் செயலி மாறிவிட்டது." ஆகவே மற்றவற்றை ஒத்திவைத்துவிட்டு, பில்ட் (கோடைச் செயலிப் பொட்டலமாகக் கட்டும் வேலை) நடக்கும்போது நமக்குத் தெரியாமல் மாறும் கான்ஃபிக் (அமைப்பு மதிப்புகள்) விவகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் சார்பையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செயலி எழுதுகிறவள் இல்லை. மற்றவர்கள் எழுதியதை பில்ட் செய்து, கையொப்பமிட்டு, ஸ்டோருக்கு அனுப்புகிறவள். கோட் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைவிட, கடைசியில் பொட்டலத்துக்குள் என்ன போனது என்பதுதான் என் தலைவலி. பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

கேள்வி: எங்களுடையது புத்தகப் பட்டியல் காட்டும் சின்ன ஆண்ட்ராய்டு செயலி. புதுப் பதிப்பை ஏற்றியதும், தொலைபேசி நிலையைப் படிக்கும் அனுமதி கேட்பதாக பிளே ஸ்டோர் காட்டுகிறது. எங்கள் மேனிஃபெஸ்ட் கோப்பில் (செயலிக்கு என்னென்ன வேண்டும் என்று ஆண்ட்ராய்டுக்குச் சொல்லும் கோப்பு) அப்படி ஒரு வரியே இல்லை. யாராவது உள்ளே புகுந்திருப்பார்களா? – இருவர் குழுவில் ஒருவர்

பதில்: யாரும் புகவில்லை, நீங்களே அழைத்து வந்திருக்கிறீர்கள். நீங்கள் திறந்து பார்க்கும் மேனிஃபெஸ்ட் வேறு, செயலிக்குள் போகும் மேனிஃபெஸ்ட் வேறு. நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு ஆண்ட்ராய்டு லைப்ரரியும் (பிறர் எழுதித் தந்த ஆயத்தக் கோட்) தனக்கென ஒரு மேனிஃபெஸ்ட்டைக் கொண்டுவருகிறது. பில்ட் நேரத்தில் மேனிஃபெஸ்ட் மெர்ஜர் என்ற கருவி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிறது. பில்ட் வேரியன்ட்டுக்கான (சோதனைக்கான டீபக், வெளியீட்டுக்கான ரிலீஸ் போன்ற வகை) மேனிஃபெஸ்ட்டுக்கு முதல் மரியாதை, பிறகு உங்கள் மெயின் மேனிஃபெஸ்ட், கடைசியில் லைப்ரரிகள். மரியாதை கடைசி என்றாலும், நீங்கள் எதுவும் சொல்லாத இடத்தில் லைப்ரரி சொன்னதுதான் சட்டம்.

இனி உங்கள் அனுமதி எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். செயலி மாட்யூலின் பில்ட் அடைவுக்குள் அவுட்புட்ஸ், அதற்குள் லாக்ஸ். அங்கே 'மேனிஃபெஸ்ட்-மெர்ஜர்' என்று தொடங்கும் டெக்ஸ்ட் கோப்பு கிடக்கும். பார்க்க எரிச்சலூட்டும் நீளம்தான், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பூர்வீகம் எழுதியிருக்கும். ரீட் ஃபோன் ஸ்டேட் என்று தேடுங்கள். 'ஆடட் ஃப்ரம்' என்று இருந்தால் அதையடுத்து லைப்ரரியின் பெயரும் பதிப்பும் வரும். அந்த லைப்ரரி வெளிப்படையாகவே கேட்டிருக்கிறது என்று பொருள்.

உங்கள் விஷயத்தில் 'இம்ப்ளைட் ஃப்ரம்' என்று இருக்கும் என்பது என் சந்தேகம். இது கொஞ்சம் விநோதமான கதை. ஒரு லைப்ரரி தன் மினிமம் எஸ்டிகே (ஓடத் தேவையான குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பின் எண்), டார்கெட் எஸ்டிகே (எந்தப் பதிப்பை மனதில் வைத்து எழுதியது என்ற எண்) இரண்டையும் சொல்லாமல் விட்டால், கருவி டார்கெட்டை 1 என்று எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டின் ஆரம்பப் பதிப்புகளில் தொலைபேசி நிலையைப் படிக்கவும் வெளிச் சேமிப்பகத்தில் எழுதவும் தனி அனுமதி தேவைப்படவில்லை. ஆகவே டார்கெட் 4-க்குக் கீழே இருக்கும் லைப்ரரி பழைய பழக்கத்தில் இயங்கட்டும் என்று, மெர்ஜர் அந்த இரண்டு அனுமதிகளையும் தானே சேர்த்துவிடும். காரணத்தையும் அங்கேயே எழுதியிருக்கும்: இன்ன லைப்ரரியின் டார்கெட் எஸ்டிகே 4-க்குக் குறைவு என்று. அவசரத்தில் மேனிஃபெஸ்ட்டை அரைகுறையாக எழுதிய யாரோ ஒருவரின் லைப்ரரி, உங்கள் பயனரிடம் தொலைபேசி அனுமதி கேட்கிறது.

நீக்குவது எளிது. உங்கள் மேனிஃபெஸ்ட்டில் அதே அனுமதியை எழுதி, டூல்ஸ் நோட் என்ற பண்பின் மதிப்பை ரிமூவ் என்று கொடுங்கள். மெர்ஜர் கடைசியில் அதைத் தூக்கிவிடும். ஒரே எச்சரிக்கை: 'ஆடட்' வகையில் வந்த அனுமதியை இப்படி வெட்டினால், அதை நம்பியிருக்கும் லைப்ரரி ஓடும்போது செக்யூரிட்டி எக்ஸப்ஷன் என்ற பிழையை எறிந்து விழலாம். அந்த வசதியை ஒருமுறையாவது போனில் தட்டிப் பார்த்துவிட்டு ரிலீஸ் செய்யுங்கள்.

இதே வழியில் பலரிடம் வந்து சேர்ந்த இன்னொன்று விளம்பர ஐடி (விளம்பரங்களுக்காகப் பயனரை அடையாளம் காட்டும் குறியீடு) அனுமதி. கூகுளின் மொபைல் விளம்பர எஸ்டிகே (விளம்பரம் காட்டும் லைப்ரரி) 20.4.0 பதிப்பிலிருந்து அதைத் தன் மேனிஃபெஸ்ட்டிலேயே வைத்திருக்கிறது. குழந்தைகளுக்கு மட்டுமான செயலி என்றால் அந்த வரி உங்களுக்கு வம்பு. நீங்கள் எழுதவில்லை என்ற பதில் ஸ்டோரில் செல்லாது.

கேள்வி: ஒரு சின்ன அப்டேட்டுக்குப் பிறகு, எங்கள் செயலியை நிறுவக்கூடிய சாதனங்களின் எண்ணிக்கை திடீரெனக் குறைந்துவிட்டதாக பிளே கன்சோல் காட்டுகிறது. குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பை நாங்கள் மாற்றவே இல்லை.

பதில்: மேலே சொன்னதன் தம்பி இது. சில அனுமதிகள் தனியே வருவதில்லை. கேமரா அனுமதி வந்தால், கேமரா என்ற வன்பொருளும் அதன் ஆட்டோஃபோகஸும் கட்டாயம் வேண்டும் என்று ஸ்டோர் தானே முடிவு செய்துகொள்ளும். ஒலிப்பதிவு அனுமதி வந்தால் மைக்ரோஃபோன் கட்டாயம், அழைப்பு அனுமதி வந்தால் தொலைபேசி வசதி கட்டாயம். சிம் இல்லாத டேப்லெட்டுகளும் டிவிகளும் அப்போதே பட்டியலிலிருந்து விழுந்துவிடும். செயலி பழுதாகாது, பிழைச் செய்தி வராது, யாரும் புகார் செய்யவும் மாட்டார்கள். நிறுவவே முடியாதவர் எங்கே வந்து புகார் செய்வார்?

ஆண்ட்ராய்டு எஸ்டிகேயோடு (செயலி உருவாக்கும் கருவித் தொகுப்பு) வரும் ஏஏபிடி2 கருவியில் 'டம்ப் பேட்ஜிங்' என்ற கட்டளை உண்டு. முடிந்த ஏபிகே கோப்பை (போனில் நிறுவப்படும் பொட்டலம்) அதனிடம் கொடுத்தால், மறைமுகமாகச் சேர்ந்த வன்பொருள் தேவைகளையும் ஒவ்வொன்றும் எந்த அனுமதியால் வந்தது என்பதையும் வரிவரியாகச் சொல்லும். அனுமதி உண்மையிலேயே வேண்டும், ஆனால் வன்பொருள் இல்லாவிட்டாலும் செயலி ஓடும் என்றால், அந்த ஃபீச்சரை மேனிஃபெஸ்ட்டில் எழுதி, ரிக்வயர்ட் என்பதற்கு ஃபால்ஸ் கொடுங்கள். சாதனங்கள் திரும்பி வந்துவிடும்.

கேள்வி: காரணம் புரிகிறது. ஆனால் ஒவ்வொரு ரிலீஸுக்கும் இவ்வளவு கோப்புகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? மாற்றம் வந்த உடனே பிடிக்க என்ன வழி? – ஐந்து பேர் குழுவின் தலைவி

பதில்: கண்ணால் பார்க்கக் கூடாது. பார்ப்பீர்கள், முதல் தடவை ஆர்வமாக, பிறகு மேலோட்டமாக, பிறகு 'பார்த்தாச்சு' என்று டிக் மட்டும் போடுவீர்கள். கண்ணை வித்தியாசத்துக்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள்.

நான் செய்வது இதுதான். ரிலீஸ் பில்ட் முடிந்ததும், வெளிவந்த பொட்டலத்திலிருந்து முக்கியமான சங்கதிகளை மட்டும் ஒரு டெக்ஸ்ட் கோப்பாக எடுக்கிறேன். அந்தக் கோப்பை, கோட் இருக்கும் கிட் ரெப்போவிலேயே (மாற்ற வரலாற்றைக் காக்கும் களஞ்சியம்) சேர்த்து வைக்கிறேன். இதற்குப் பதிவேடு என்று பெயர் வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் (கோட் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) சிஐ (தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பு) அதே கோப்பைப் புதிதாக உண்டாக்கி, பழையதோடு ஒப்பிடும். ஒரு வரி மாறினாலும் பில்ட் சிவப்பு, அதாவது தோல்வி. மாற்றம் வேண்டித்தான் செய்தது என்றால், செய்தவர் புதிய பதிவேட்டை அதே புல் ரிக்வெஸ்டில் சேர்த்து, ஏன் என்று ஒரு வரி எழுதினால் பச்சை.

இது எப்படிப் பலன் தரும் என்பதற்கு ஒரு உதாரணம். வாடிக்கையாளர் உதவிக்கான சாட் லைப்ரரி ஒன்றில் பதிப்பெண்ணின் கடைசி இலக்கம் மட்டும் உயர்ந்த புல் ரிக்வெஸ்ட் எங்களுக்கு வந்தது. கோட் மாற்றம் ஒரே வரி. ரிவ்யூ செய்தவர் ஓகே சொல்லிவிட்டார். பதிவேட்டின் ஒப்பீடு இப்படிச் சொன்னது:

+ அனுமதி: ஒலிப்பதிவு
+ மறைமுகத் தேவை: மைக்ரோஃபோன் (காரணம்: ஒலிப்பதிவு அனுமதி)
+ வெளியே திறந்த சர்வீஸ்: 1

குரல் செய்தி அனுப்பும் வசதியை அந்த லைப்ரரிக்காரர்கள் சேர்த்திருக்கிறார்கள். நல்ல வசதிதான், நாங்கள் கேட்கவில்லை என்பது மட்டும்தான் சிக்கல். அன்றே அனுமதியை வெட்டினோம். அந்த சர்வீஸ் (பின்னணியில் ஓடும் பாகம்) ஏன் பிற செயலிகளும் அழைக்கும்படி வெளியே திறந்திருக்கிறது என்று அவர்களிடம் கேட்டு எழுதினோம். அந்த ஒரு வரி கோட் மாற்றத்தை எத்தனை பேர் உற்றுப் பார்த்திருந்தாலும் இதில் எதுவும் தெரிந்திருக்காது.

பதிவேட்டில் எதை எழுதுவது என்பதில்தான் குழுக்கள் தடுமாறுகின்றன. சேர்ந்த மேனிஃபெஸ்ட்டை முழுதாக அப்படியே வைப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ஆயிரம் வரி கோப்பு மாறினால் யாரும் படிக்க மாட்டார்கள், மாற்றத்தை ஏற்கும் கட்டளையைத்தான் தட்டுவார்கள். ஒரு திரைக்குள் அடங்கவேண்டும் என்பது என் அளவுகோல். அனுமதிகள், வன்பொருள் தேவைகள், மினிமம் மற்றும் டார்கெட் எஸ்டிகே, அப்ளிகேஷன் ஐடி, டீபக் அனுமதிக்கப்பட்டதா, மறையாக்கம் இல்லாத இணையப் போக்குவரத்து அனுமதிக்கப்பட்டதா, பேக்அப் அனுமதிக்கப்பட்டதா, வெளியே திறந்திருக்கும் பாகங்கள், கையொப்பச் சான்றிதழின் கைரேகை (அதை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீடு). ஐஃபோன் பக்கம் என்றால் முடிந்த செயலிக்குள் இருக்கும் இன்ஃபோ பிலிஸ்ட்டையும் (மேனிஃபெஸ்ட் போன்ற கோப்பு) என்டைட்டில்மென்ட்களையும் (செயலிக்குத் தரப்பட்ட சிறப்பு உரிமைகள்) எடுங்கள். பில்டுக்குப் பிறகு பிலிஸ்ட் பைனரி வடிவில் இருக்கும். பிலூட்டில் கருவி அதைப் படிக்கும்படி மாற்றித்தரும், என்டைட்டில்மென்ட்களை கோட்சைன் கருவி காட்டும். அங்கே முதலில் பார்க்கவேண்டியது புஷ் அறிவிப்புக்கான ஏபிஎஸ் என்விரான்மென்ட். ஸ்டோருக்குப் போகும் பொட்டலத்தில் அது டெவலப்மென்ட் என்று இருந்தால் அறிவிப்புகள் போய்ச் சேராது.

எல்லாப் பட்டியலையும் அகரவரிசைப்படுத்திவிட்டு எழுதுங்கள், இல்லையென்றால் வரிசை மாறியதற்கெல்லாம் சிவப்பு விழும். ஒவ்வொரு பில்டிலும் ஏறும் வெர்ஷன் கோடு, நேர முத்திரை, கமிட் எண் மூன்றையும் பதிவேட்டில் விட்டுவிடுங்கள். இரண்டு ஏபிகே கோப்புகளை பைட்டுக்கு பைட் ஒப்பிடும் விபரீதத்தில் இறங்காதீர்கள். இன்னொன்று, ரிலீஸ் வேரியன்ட்டை மட்டும் பதியுங்கள். டீபக் வேரியன்ட் சுத்தமாக இருப்பதால் யாருக்கும் லாபமில்லை. ஃப்ளேவர்கள் (இலவசம், கட்டணம் போன்று ஒரே செயலியின் வடிவங்கள்) பல இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு.

சிவப்பு விழும்போது வரும் செய்தியைக் கொஞ்சம் சிரத்தையாக எழுதுங்கள். 'கோப்பு பொருந்தவில்லை' என்று மொட்டையாகச் சொன்னால், புதிதாகச் சேர்ந்தவர் அரை நாள் விழிப்பார். மாறிய வரிகள், பூர்வீகம் பார்க்கவேண்டிய கோப்பு, மாற்றத்தை ஏற்பதற்கான கட்டளை ஆகிய மூன்றும் அந்தச் செய்தியிலேயே இருக்கட்டும். பதிவேட்டை சிஐ தானே புதுப்பித்துக்கொள்ளும்படி மட்டும் வைத்துவிடாதீர்கள், அப்புறம் காவல்காரனிடமே திருடனுக்குக் கதவு திறக்கச் சொன்ன கதை. பதிவேடு மாறினால் குறிப்பிட்ட ஒருவரின் ஒப்புதல் வேண்டும் என்று கோட்ஓனர்ஸ் கோப்பில் எழுதி வையுங்கள்.

எல்லாவற்றையும் நீங்களே எழுதவேண்டியதில்லை. கூகுள் வெளியிட்டிருக்கும் 'நவ் இன் ஆண்ட்ராய்டு' மாதிரிச் செயலியின் மூலக்கோட்டில் பேட்ஜிங் பதிவை இப்படி ஒப்பிடும் கிரேடில் (ஆண்ட்ராய்டு பில்டை நடத்தும் கருவி) டாஸ்க் இருக்கிறது, எடுத்துப் பழகலாம். சார்பு லைப்ரரிகளின் பட்டியலுக்கு டிராப்பாக்ஸ் வெளியிட்ட டிபென்டன்சி கார்ட் ப்ளகின் உண்டு, அதுவும் இதே பதிவேட்டு முறைதான். இரண்டு ஏபிகேக்களுக்கு இடையே என்ன கூடியது குறைந்தது என்று சுருக்கமாகப் பார்க்க ஜேக் வார்ட்டனின் டிஃப்யூஸ் போதும்.

கேள்வி: பதிவேடு எல்லாம் எங்களுக்குப் பெரிய வேலை. இன்றே செய்யக்கூடிய சின்னதாக ஒன்று சொல்லுங்கள். – தனியாளாகச் செயலி செய்பவர்

பதில்: இயல்பு மதிப்புதானே என்று எழுதாமல் விட்டவற்றை எழுதிவிடுங்கள். பேக்அப் வேண்டாம் என்றால் அலவ் பேக்அப் ஃபால்ஸ் என்று வெளிப்படையாக எழுதுங்கள். மறையாக்கமில்லாத போக்குவரத்துக்கும் அப்படியே. டார்கெட் 28-லிருந்து அது இயல்பாகவே ஃபால்ஸ்தான், ஆனால் அந்த இடத்தை நீங்கள் காலியாக விட்டால் ஏதோவொரு லைப்ரரி ட்ரூ என்று நிரப்பிவிட்டுப் போகும், மெர்ஜர் வாய் திறக்காது. நீங்கள் ஃபால்ஸ் என்று எழுதியிருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும், பில்ட் அங்கேயே நிற்கும். காசு செலவில்லாத அலாரம்.

முட்டிக்கொள்ளும்போது பிழைச் செய்தியே ஒரு தீர்வும் சொல்லும்: டூல்ஸ் ரிப்ளேஸ் சேர்த்துக்கொள் என்று. உடனே ஒட்டிவிடாதீர்கள். அதைச் சேர்த்த பிறகு உங்கள் மதிப்பு எப்போதும் ஜெயிக்கும் என்பது சரி, ஆனால் அடுத்த லைப்ரரி வந்து முட்டும்போது சத்தமே வராது. எந்த லைப்ரரி, எதற்காக ட்ரூ கேட்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு சேருங்கள்.

கேள்வி: ஐஃபோன் செயலியில் சர்வர் முகவரியை எக்ஸ்சிகான்ஃபிக் கோப்புக்கு (பில்ட் அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பு) மாற்றினேன். பில்ட் ஆகிறது, ஆனால் செயலி எந்த சர்வரையும் தொடுவதில்லை. பிரிண்ட் செய்து பார்த்தால் 'எச்டிடிபிஎஸ்:' என்பதோடு முகவரி முடிந்துவிடுகிறது! – கல்லூரி மாணவி

பதில்: அந்தக் கோப்பில் // என்றால் அதற்குப் பிறகு வருவது குறிப்புரை. முகவரியின் இரண்டு சாய்கோடுகளையும் எக்ஸ்கோடு (ஆப்பிளின் செயலி உருவாக்கும் கருவி) அப்படித்தான் படிக்கிறது, மிச்சத்தை வீசிவிடுகிறது. இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே வெற்று மாறி ஒன்றைச் செருகுங்கள், /$()/ என்று. அல்லது புரோட்டோகாலை கோடிலேயே வைத்துக்கொண்டு டொமைன் பெயரை மட்டும் கோப்பில் எழுதுங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும், முதலாவதை யாராவது 'அழகுபடுத்தி' விடுவார்கள்.

எக்ஸ்சிகான்ஃபிக் பக்கம் வந்துவிட்டீர்கள் என்பதால் இன்னும் இரண்டு. எக்ஸ்கோடின் திரையில் டார்கெட்டுக்கு (இங்கே இது கட்டப்படும் செயலியைக் குறிக்கும்) நேரே ஒரு செட்டிங்கை யாராவது சொடுக்கி மாற்றினால், அது எக்ஸ்சிகான்ஃபிக்கில் நீங்கள் எழுதியதை மிஞ்சிவிடும். பில்ட் செட்டிங்ஸில் லெவல்ஸ் பார்வையைத் திறந்தால் எந்த மட்டம் ஜெயித்தது என்று தெரியும். இரண்டாவது, இன்ஃபோ பிலிஸ்ட்டில் ஒரு மாறியின் பெயரைத் தப்பாக எழுதினால் பிழை வராது, வெற்றுச் சரம் உட்கார்ந்துகொள்ளும். பதிவேடு வைத்தால், அதில் மதிப்பு காலியாக இருக்கும் எந்த வரிக்கும் சிவப்பு காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகினை 7-லிருந்து 8-க்கு உயர்த்தினோம். வேறு எந்தக் கோப்பும் மாறவில்லை. டீபக் ஓடுகிறது, ரிலீஸ் பில்டில் சர்வர் பதிலைப் படிக்கும் இடத்தில் செயலி விழுகிறது.

பதில்: கோப்பு மாறவில்லை, அதன் பொருள் மாறிவிட்டது. 2023 ஏப்ரலில் வந்த 8.0 பதிப்பில் சில இயல்பு மதிப்புகளை மாற்றிவிட்டார்கள். உங்களைக் கடித்தது ஆர்8-இன் ஃபுல் மோட் என்று நினைக்கிறேன். கோடைச் சுருக்கும் ஆர்8 அதுவரை புரோகார்டு என்ற பழைய சுருக்கும் கருவிக்கு இணங்கி நடந்தது. 8.0 முதல் கறாரான முறைதான் இயல்பு. உதாரணமாக, ஒரு கிளாஸை வைத்துக்கொள் என்று கீப் விதி எழுதினால் அதன் வெற்று கன்ஸ்ட்ரக்டரும் (ஆப்ஜெக்டை உண்டாக்கும் பகுதி) கூடவே தங்கும் என்ற சலுகை இப்போது இல்லை. சர்வர் பதிலைப் படிக்கும் ஜிசான் போல ரிஃப்ளெக்ஷனை (ஓடும்போதே கிளாஸைத் துழாவிப் பார்க்கும் முறை) நம்பி ஆப்ஜெக்ட் உண்டாக்கும் லைப்ரரிகள் அங்கேதான் தடுக்கி விழும். டீபக்கில் பொதுவாக ஆர்8 ஓடாது என்பதால் அங்கே தெரியாது.

கிரேடில் ப்ராப்பர்டீஸ் கோப்பில் ஃபுல் மோடை அணைக்க ஒரு வரி உண்டு. காரணம் அதுதானா என்று உறுதிசெய்ய அதைப் போட்டுப் பாருங்கள். உறுதியானதும் எடுத்துவிட்டு, விழும் கிளாஸ்களுக்குச் சரியான கீப் விதி எழுதுங்கள். தற்காலிகம் என்று போட்டு வருடக்கணக்காகக் கிடக்கும் வரிகள் எல்லா ப்ராப்பர்டீஸ் கோப்பிலும் போதுமான அளவு இருக்கின்றன.

இங்கேயும் நீங்கள் எழுதியதும் நடைமுறைக்கு வந்ததும் வேறு வேறு. கீப் விதிகளை லைப்ரரிகளும் கொண்டுவரும். மேப்பிங் அடைவில் ரிலீஸுக்குக் கீழே 'கான்ஃபிகரேஷன்' என்ற டெக்ஸ்ட் கோப்பைத் திறந்தால் ஆர்8 கடைசியில் எடுத்துக்கொண்ட எல்லா விதிகளும் எந்தக் கோப்பிலிருந்து வந்தவை என்ற குறிப்போடு இருக்கும். பெயர்களைச் சுருக்காதே என்ற ஒரு வரியை ஏதாவது லைப்ரரி தன் விதிகளில் விட்டிருந்தால், உங்கள் 8-ம் பதிப்பு ப்ளகினில் அது அந்த லைப்ரரிக்கு மட்டுமல்ல, செயலி முழுமைக்கும் பொருந்திவிடும். பதிவேட்டில் இந்தக் கோப்பு முழுதும் வேண்டாம். இப்படி மொத்தச் செயலியையும் பாதிக்கும் வரிகளை மட்டும் வடிகட்டிச் சேருங்கள்.

கருவிப் பதிப்பு உயர்வைத் தனி புல் ரிக்வெஸ்டாகச் செய்யுங்கள், கூட வேறு எதையும் ஏற்றாதீர்கள். பதிவேடு அதில் மாறினால் காரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்கமுடியும்.

கேள்வி: என் கணினியில் பில்ட் செய்தால் ஒரு மாதிரி, சிஐ-யில் செய்தால் இன்னொரு மாதிரி. கோட் ஒன்றுதான். எங்கே தேடுவது?

பதில்: முதலில் உங்கள் ஹோம் அடைவில். கிரேடிலுக்கு அங்கேயும் ஒரு ப்ராப்பர்டீஸ் கோப்பு உண்டு. ப்ராஜெக்டுக்குள் இருக்கும் கோப்பை அது மிஞ்சும். எப்போதோ வேறு வேலைக்காகப் போட்ட வரி இப்போது இந்தச் செயலியையும் ஆட்டிவைக்கும். ப்ராஜெக்டின் கிரேடில் ராப்பரை (ப்ராஜெக்ட் குறித்துவைத்த பதிப்பையே ஓட்டும் கட்டளை) விட்டுவிட்டு, கணினியில் நிறுவியிருக்கும் கிரேடிலை நேரடியாக அழைக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

அடுத்தது லாக் கோப்புகள், அதாவது லைப்ரரிகளின் பதிப்புகளைப் பூட்டி வைக்கும் கோப்புகள். என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளை நிறுவும் கருவி) என்றால் சிஐ-யில் 'இன்ஸ்டால்' வேண்டாம், 'சிஐ' என்ற கட்டளையே வேண்டும். லாக் கோப்போடு பொருந்தாவிட்டால் அது சத்தம் போட்டு நிற்கும். ஃப்ளட்டரில் 'என்ஃபோர்ஸ் லாக்ஃபைல்', கோகோபாட்ஸில் 'டெப்ளாய்மென்ட்' என்ற விருப்பங்கள் இதே வேலைதான் செய்கின்றன. கிரேடிலில் பதிப்பு எண்ணின் கடைசியில் + போடும் பழக்கத்தை விடுங்கள். இன்று கிடைத்த பதிப்பே நாளையும் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

சிஐ-யின் யாமல் வடிவ அமைப்புக் கோப்பில் கருவிப் பதிப்பை 3.10 என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதியிருக்கிறீர்களா? யாமல் அதைத் தசம எண்ணாக எடுத்து 3.1 என்று கொடுத்துவிடும். சிரிக்காதீர்கள், போய்ப் பாருங்கள்.

இவை எல்லாம் முடிந்ததும், சிஐ-யில் பில்டுக்குப் பிறகு கிட் டிஃப் (மாறிய வரிகளைக் காட்டும் கட்டளை) ஓடவிட்டு, வித்தியாசம் இருந்தால் பில்ட் தோற்கும்படி எக்ஸிட் கோடு விருப்பத்தைச் சேருங்கள். பில்ட் நடக்கும்போதே ஏதாவது கருவி உங்கள் கோப்புகளைத் திருத்தினால் அங்கே அகப்படும். ப்ராஜெக்ட் கோப்பைத் தானே திருத்தும் கருவிகள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

கேள்வி: பதிவேட்டில் ஏபிஐ சாவிகளும் (வெளிச் சேவைகளை அழைக்கத் தரும் கடவுச்சொல் போன்றவை) வருகின்றனவே? அவையும் மாறக்கூடாதவைதானே!

பதில்: மாறக்கூடாது, அப்படியே எழுதவும் கூடாது. சாவியின் எஸ்எச்ஏ-256 ஹாஷை (சாவியிலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறியீடு) மட்டும் எழுதுங்கள். மாறியதா இல்லையா என்று தெரிந்தால் போதும். நான்கெழுத்துக் கடவுச்சொல் போன்ற குட்டிச் சங்கதிகளுக்கு இது உதவாது, ஊகித்துப் பார்த்துவிடுவார்கள். சிஐ லாகில் முழு கான்ஃபிக்கையும் கொட்டும் வரி இருந்தால் இன்றே நீக்குங்கள். செயலிக்குள் வைத்த எந்தச் சாவியையும் பொட்டலத்தைப் பிரித்துப் படித்துவிட முடியும் என்பதால், உண்மையிலேயே ரகசியமானதை அங்கே வைக்காதீர்கள். அதற்கு இடம் சர்வர்.

கேள்வி: கூகுள் லாகின் என் போனில் நேரடியாக நிறுவினால் வேலை செய்கிறது. அதே கோடை ஸ்டோரிலிருந்து இறக்கினால் பிழை எண் 10 வருகிறது. பில்டில் எதுவும் மாறவில்லை என்று பதிவேடும் சொல்கிறது!

பதில்: பதிவேடு உண்மையைத்தான் சொல்கிறது, மாற்றம் அதற்குப் பிறகு நடந்தது. 2021 ஆகஸ்ட் முதல் புதிய செயலிகளை பிளே ஸ்டோரில் ஆப் பண்டிலாகத்தான் (ஸ்டோரே ஏபிகேக்களை உண்டாக்கிக்கொள்ளும் மூலப் பொட்டலம்) ஏற்றமுடியும். அப்படி ஏற்றும்போது நீங்கள் போடுவது அப்லோட் சாவியின் கையொப்பம். பயனருக்குப் போகும் ஏபிகேக்களில் கூகுள் தன்னிடம் இருக்கும் செயலிக் கையொப்பச் சாவியைப் போடுகிறது. கூகுள் லாகின் உங்கள் செயலியை அடையாளம் காண்பது பேக்கேஜ் பெயரையும் சான்றிதழின் எஸ்எச்ஏ-1 கைரேகையையும் வைத்து. நீங்கள் பதிவு செய்திருப்பது டீபக் சாவி அல்லது அப்லோட் சாவியின் கைரேகையாக இருக்கும். பிளே கன்சோலில் செயலிக் கையொப்பப் பக்கத்தில் இரண்டு சான்றிதழ்களும் தனித்தனியே காட்டப்படும். செயலிக் கையொப்பச் சாவியின் கைரேகையை எடுத்து உங்கள் கூகுள் கிளவுட் அல்லது ஃபயர்பேஸ் ப்ராஜெக்டில் சேருங்கள். பழையதை அழிக்கவேண்டாம், டீபக்குக்கு அது வேண்டும்.

இனி ஏமாறாமல் இருக்க, இன்டர்னல் டெஸ்டிங் தடத்தில் ஏற்றி, ஸ்டோர் வழியாகவே ஒரு போனில் இறக்கி லாகின் செய்து பாருங்கள். அந்த ஏபிகேயை ஏபிகேசைனர் கருவியிடம் கொடுத்தால் எந்தச் சான்றிதழ் என்று அச்சிட்டுக் காட்டும். அந்தக் கைரேகையை பதிவேட்டில் இரண்டாவது வரியாகச் சேர்த்துவிடுங்கள், 'ஸ்டோருக்குப் பின்' என்ற தலைப்போடு. ஆப்பிள் பக்கத்துக் கையொப்பக் கேள்விகளை அடுத்த இதழில் பார்க்கலாம்.